மின்விசிறியை நிறுத்துங்கள்

(தக்கலையில், பள்ளி நூலகங்களைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. கொஞ்சம் ஒழுங்குசெய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்த தலைப்பு 'பள்ளி நூலகத்தில் பாட்காஸ்ட்'. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வீட்டில் கேட்டார்கள்: "நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்றுதானே போர்டு மாட்டி வைத்திருக்கிறீர்கள், அங்கே பேச்சுக்கு என்ன வேலை?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு சாவியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நான்கு இரும்பு அலமாரிகள் நிறையப் புத்தகம் இருந்தது. நான்குக்கும் பூட்டு. சாவிக்கொத்து என் மேசை இழுப்பறையில். ஏன் பூட்டு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை அட்டவணையில் இருக்கும். அதைக் கணக்கு வாத்தியார் வந்து கடன் கேட்பார், நானும் கொடுத்துவிடுவேன். ஆக, நான் குறை சொல்ல வந்தவன் இல்லை. அந்தப் பூட்டைப் பல வருடம் காத்தவனே நான்தான்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, 'நூல்கள் பயன்பாட்டுக்கே'. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை அந்த விதியை விளக்கும்போது அவர் சொல்கிறார். படித்தபோது சிரித்தேன். பிறகு இழுப்பறையில் கிடந்த சாவிக்கொத்து ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

சரி, பாட்காஸ்ட். 2004 பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் தன் கட்டுரையில் போகிற போக்கில் போட்ட பெயர் அது. பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாடின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒட்டியது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸில் அதற்கு இடம் கொடுத்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தமிழில் வலையொலி என்கிறார்கள், பிள்ளைகள் பாட்காஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள், எனக்கு இரண்டும் சம்மதம். பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் பையன் வாசலில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி, புதிய பகுதி வந்ததும் கேட்பவரின் கருவிக்கு வந்து சேர்ந்துவிடும். வேண்டிய நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம். வானொலிக்கு நாம் காத்திருக்க வேண்டும், இது நமக்காகக் காத்திருக்கும்.

வானொலி நமக்குப் புதிதில்லை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று தொடங்கியது நம் நாகர்கோவிலில்தான். உள்ளூர்க்காரன் குரல் உள்ளூர்க்காரன் காதுக்கு என்ற யோசனைக்கு இந்த மாவட்டம் ஏற்கெனவே பழகிய மாவட்டம்.

நானும் முதலில் கேட்க வைப்பதில்தான் தொடங்கினேன். ஒரு சின்ன ஸ்பீக்கர், வீட்டிலேயே பதிவிறக்கி வந்த பத்து நிமிடக் கதை. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் கடைசி வரிசை நெளியத் தொடங்கிவிடும், இது என் அனுபவம். கேட்டுக்கொண்டே படம் வரையட்டும் என்று விட்டுவிடுவேன். கை வேலையில் இருந்தால் காது நன்றாகத் திறக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கும் பார்வை குறைந்த பிள்ளைகளுக்கும் இது எவ்வளவு பெரிய வாசல் என்பதை முதல் வாரமே பார்த்தேன். வாசிக்கச் சொன்னால் தலை குனிகிற ஒரு பையன், கதை முடிந்ததும் எழுந்து, "சார், அவன் பொய்யாக்கும் சொல்லுகான்" என்று கதாபாத்திரத்தின் மேல் குற்றம் சாட்டினான். மூன்று வருடத்தில் அவன் வகுப்பில் தானாக எழுந்து பேசியது அன்றுதான்.

ஆனாலும் அலமாரி திறக்கவில்லை. கேட்டார்கள், ரசித்தார்கள், மணி அடித்தது, போனார்கள். நாமே ஒன்று செய்யலாம் என்று இறங்கியபோதுதான் அது திறந்தது.

முதல் பதிவு படு தோல்வி. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதி வந்ததை வாசித்தாள். ஆண்டு விழா வரவேற்புரைக் குரல்; நமக்கெல்லாம் தெரிந்த குரல்தான், ஒவ்வொரு வரியின் முடிவிலும் மேலே ஏறி நிற்கும். ஏழாவது நிமிடத்தில் கைப்பேசிக்கு அழைப்பு வந்து பதிவு நின்றுபோனது. அழைத்தது என் வீட்டம்மா, வரும்போது மரச்சீனிக் கிழங்கு வாங்கி வரச் சொல்லி. மிஞ்சிய ஏழு நிமிடத்தைப் போட்டுக் கேட்டால், புத்தகத்தையும் காணோம், பிள்ளையையும் காணோம், 'கடகடகட' என்று மின்விசிறி மட்டும் கேட்கிறது. அறையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சத்தம் நம் காதில் விழுவதே இல்லை. கருவிக்கு நம்மைப் போல வேண்டியதை மட்டும் கேட்கத் தெரியாது.

அப்புறம் கற்றுக்கொண்டோம். மின்விசிறியை நிறுத்து. கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடு. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், மடித்த துண்டின்மேல் வை; நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். பத்து விநாடி பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்கு. வெட்டி ஒட்ட, ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய கணினியிலும் ஓடும். பேச்சு மட்டும் என்றால் பத்து நிமிட எம்பி3 ஒலிக்கோப்பை ஐந்து மெகாபைட்டுக்குள் அடக்கிவிடலாம்.

தற்செயலாகத் தெரிந்த ஒரு விஷயம். ஒலிப்பதிவுக்குப் பள்ளியிலேயே நல்ல அறை நூலக அறைதான். வகுப்பறையில் வெறும் சுவர், பேசினால் எதிரொலிக்கும். இங்கே பெரிதும் சிறிதுமாக முன்னும் பின்னும் துருத்திக்கொண்டு நிற்கிற புத்தகங்கள் ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடுகின்றன. ஆனால் ஒன்று, அலமாரிக் கதவு திறந்திருக்க வேண்டும். இரும்புக் கதவு மூடியிருந்தால் பழையபடி எதிரொலிதான். ஆக, எங்கள் அலமாரிகள் முதன்முதலாக முழு நேரமும் திறந்தே இருந்தது வாசிப்புக்காக இல்லை, சத்தத்துக்காக. திறந்திருக்கும் அலமாரிக்கு முன்னால் பிள்ளையை உட்காரவைத்தால் என்ன நடக்கும்? கை சும்மா இருக்காது.

இரண்டாவது முயற்சியில் எழுதி வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வீட்டில் ஒருவரிடம் ஒரு வேலையைப் பற்றிக் கேட்டு வா" என்றேன். குலசேகரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. அம்மா பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்பே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர். ஒரு சனிக்கிழமை கூடவே போய்ப் பதிந்து வந்தாள். நான்கு நிமிடம்தான் இருக்கும். முதலில் சீவிடுகள். சருகில் காலடி. கத்தி பட்டையைச் சீவுகிற மெல்லிய 'சர்ர்'. சிரட்டையைத் திருப்பி வைக்கிற ஒலி. பிறகு பிள்ளையின் கேள்வி: "இந்த இருட்டுல என்னத்துக்கு வரணும்? விடிஞ்சு வந்தா என்ன?" அம்மாவின் பதில்: "வெயிலு ஏறுனா பாலு ஓடாது மக்ளே." அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். கத்திச் சத்தம் மறுபடி.

வகுப்பில் போட்டோம். வெயில் ஏறினால் ஏன் ஓடாது என்று ஒருவன் கேட்டான். எனக்குத் தெரியாது, நான் தமிழாசிரியன். அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கு ஓடாது என்பது தெரியும், அவருக்கு அது போதும். அன்று நான்கைந்து பேர் அலமாரியில் ஏறி இறங்கினார்கள். மேல்வகுப்புத் தாவரவியல் புத்தகம் ஒன்றில் நீராவிப்போக்கு பாடத்தைப் பிடித்தார்கள். இரவில் இலை வழியாக நீர் வெளியேறுவது குறைவு, மரத்துக்குள் விறைப்பழுத்தம், அதாவது செல்களில் நீர் நிறைந்து உண்டாகும் அழுத்தம், கூடியிருக்கும், வெட்டிய இடத்தில் பால் தள்ளிக்கொண்டு வரும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும். இன்னொருத்தி ரப்பர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனாள். 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள்தான் இலங்கைக்கும் மற்ற கீழை நாடுகளுக்கும் போயின. தேரூரில் கவிமணி பிறந்ததும் அதே 1876 என்று நான் குறுக்கே சொன்னேன். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. தமிழாசிரியன் பிழைப்பு அப்படி.

அம்மாவின் ஒரு வரியும் தாவரவியல் புத்தகத்தின் ஒரு பக்கமும் சேர்ந்து ஆறு நிமிடப் பகுதி ஆனது. அதற்குக் குறிப்பு எழுத அந்தப் பிள்ளை பாடத்தை நான்கு தடவை படித்தாள், நான் எண்ணினேன். வாசித்துப் பதிந்ததைத் தன் காதாலேயே கேட்டு, "இந்த இடம் எனக்கே விளங்கல சார்" என்று மறுபடி புத்தகத்துக்குப் போனாள். தேர்வுக்குப் படிக்கும்போது இந்தக் கேள்வி பிள்ளைகளுக்கு வருவதில்லை. தன் குரலைத் திரும்பக் கேட்கும்போது வருகிறது. நூலகத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் அவ்வளவுதான்.

பிள்ளைகள் கேட்ட இன்னொரு கேள்வி, பேச்சைப் பற்றியது. "நாங்க பேசுகது சரியில்லேன்னு சிரிப்பாங்க சார்." பலாப்பழத்தைச் சக்கை என்பதற்கே வெளியூரில் சிரிக்கிறார்கள், உண்மைதான். என் முடிவு இது: அறிமுகமும் விளக்கமும் எல்லா ஊருக்கும் விளங்குகிற தமிழில் இருக்கட்டும், வீட்டாரின் பேச்சில் கை வைக்கக் கூடாது. 'மக்ளே'யை 'மகளே' என்று திருத்திப் பதிந்தால் அந்த அம்மா அங்கே இல்லாமல் போய்விடுவார். சில ஆசிரியர்களுக்கு இதில் உடன்பாடு இல்லை என்று தெரியும். தேநீர் வேளையில் சண்டை போடலாம்.

தனியாகப் பேசும் பிள்ளை மூன்றாவது நிமிடத்தில் சோர்ந்துபோகும். இதற்கு மருந்து நம் கொடை விழாக்களிலேயே இருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். அந்த 'ஆமா' இல்லாவிட்டால் கதை நகராது. நானும் இரண்டு பேராக உட்காரவைத்தேன். ஒருத்தி சொல்ல, மற்றவள் "ஆமா, அப்புறம்?" என்று கேட்க வேண்டும். வரவேற்புரைக் குரல் அன்றோடு ஒழிந்தது.

கடற்கரைப் பையன் ஒருவன், 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒகி புயலைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கப் போனான். அந்த வீட்டில் வள்ளத்தில் போனவர் திரும்பவில்லை. பேச ஒப்புக்கொண்டுதான் தொடங்கியிருக்கிறார். பாதியில், "நிறுத்து மக்ளே" என்றாராம். நிறுத்தி, அவர் முன்னாலேயே அழித்துவிட்டு வந்தான். வெறுங்கையோடு வந்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் அவனுக்குச் சொன்னது ஒன்றுமில்லை; தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் குரலோ பெயரோ இணையத்துக்குப் போவதென்றால் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஊர், வீடு, முழுப்பெயர் எதுவும் வேண்டாம். எங்கள் பதிவுகளில் பெரும்பாலானவை நூலகக் கணினியைத் தாண்டிப் போகவே இல்லை, அதனால் குறைந்தது ஒன்றுமில்லை. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். இணையத்தில் ஏற்றினால் தூக்கிவிடுவார்கள், குடத்தைத் தட்டினால் போதும். புத்தகத்தை முழுதாக வாசித்துப் பரப்ப எழுத்தாளர் அனுமதி வேண்டும். எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்தால் உரிமை பொதுவாகிவிடும். கவிமணி மறைந்தது 1954. அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட பாடல்களைத் தாராளமாக வாசிக்கலாம்.

கடைசியாக ஒரு கூத்து. பதிவுகளைக் குறுந்தகடில் எழுதி, புத்தகங்களைப் போலவே இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றினேன். எந்தப் புத்தகத்தோடு சேர்ந்தது என்று அதன் எண்ணையும் பக்கத்தில் எழுதினேன். பதிவேடு பார்க்க வந்த ஒருவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "இதில் 'சீவிடு, கத்தி, அம்மா - 6 நிமிடம்' என்று இருக்கிறதே, இது என்ன பொருள்? விலைப் பத்தியில் ஒன்றும் இல்லையே?" போட்டுக் காட்டினேன். அவர் அப்பாவும் பால்வெட்டுக்காரராம். இரண்டு தடவை கேட்டுவிட்டு, விலைப் பத்தியில் அவரே ஒரு கோடு இழுத்து வைத்தார்.

அந்தப் பதிவை இன்று கொண்டுவந்திருக்கிறேன், அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான். இப்போது போடப் போகிறேன். வெட்டு ஒலி மிக மெல்லியது, பின்வரிசைக்கு எட்டாது. யாராவது அந்த மின்விசிறியை நிறுத்துங்கள்.