காசிமேட்டு உப்புக்காற்றும் ஷாஃப்டின் கறுப்புத் தோலும்

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விசைப்படகில் வலையை இழுக்கும் விஞ்ச்.]

இந்த விஞ்ச்சின் ஷாஃப்டை, அதாவது சுழலும் எஃகுத் தண்டைப் பாருங்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதே நிலைமைதான். ஒரு பக்கம், தன்னைத் தாங்கும் புஷ் என்ற வளையத்தில் உரசித் தேய்கிறது, இன்னொரு பக்கம் கடல் தண்ணீரில் துருப்பிடிக்கிறது.

துத்தநாகம் பூசினால் துரு குறையும், ஆனால் அது மென்மையானது, உரசலுக்கு நிற்காது. மேல்பரப்பில் கார்பன் ஏற்றும் கார்புரைசிங் கடினம் தரும். ஆனால் 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது நீள ஷாஃப்ட் கோணிவிடும், துருவும் விடாது. ஹார்ட் குரோம் என்ற கடினமான குரோமியப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் உண்டு. அதன் வழியே உப்புத் தண்ணீர் இறங்கினால் பூச்சே உரிந்து வரும்.

சரி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி? நைட்ரோகார்புரைசிங்.

[காட்சி: உருகிய உப்புத் தொட்டியில் ஷாஃப்ட் இறங்குகிறது.]

தொட்டியில் இருப்பது சமையல் உப்பு இல்லை, சயனேட் உப்புகள். வெப்பம் சுமார் 580 டிகிரி செல்சியஸ். ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் நைட்ரஜனும் கொஞ்சம் கார்பனும் எஃகுக்குள் இறங்கி, மேல்தோலையே இரும்பு நைட்ரைடாக மாற்றிவிடும். கனம் 10 முதல் 20 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. மேலே ஒட்டவைத்த பூச்சு இல்லை என்பதால் உரிவதற்கு எதுவும் இல்லை. இந்த வெப்பத்தில் எஃகின் உள் அமைப்பு மாறாது, அதனால் ஷாஃப்ட் அவ்வளவாகக் கோணாது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அப்புறம் ஆக்சிஜன் ஏற்றும் இன்னொரு உப்புத் தொட்டி. அங்கே மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடு படிந்து, நுண்துளைகளை அடைக்கிறது. துருவைத் தடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. காரின் பின்கதவைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங்கின் கறுப்பு ராடு பெரும்பாலும் இந்த வகைதான்.

[காட்சி: அரம், மிக அருகில்.]

சாதா எஃகில் அரத்தை லேசாக இழுத்தால் கடித்து, வெள்ளிப் பொடி உதிர்கிறது. கறுப்பு ஷாஃப்டில்? கிறீச்சென்று வழுக்குகிறது.

லேத் வேலை, சாவிக்காடி, துளை எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். பிறகு 'அளவு ஒரு நூல் கூடுது' என்று கிரைண்டிங்கில் வைத்தால், காசு கொடுத்து வாங்கிய தோல் ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டை மட்டும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். அதைத் துருவிலிருந்து காப்பதே குரோமியம்தான். இந்த வெப்பத்தில் நைட்ரஜன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஷாஃப்ட் முன்பை விடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலைக்குக் கொடுக்கும்போதே கிரேடு என்னவென்று சொல்லிவிடுங்கள்.