அடி மேல் அடி: வீடியோ கேம் சண்டையும் நம்மூர் அடிமுறையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கடைசிவரை இருப்பதாக வாக்களித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, திருவட்டாரிலிருந்தும் தக்கலையிலிருந்தும் வந்திருக்கும் களரி ஆசான்மாரே, போனைப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மக்களே, வணக்கம். கரண்ட் போனாலும் மைக்கை நிற்கவிடாத ஒலிபெருக்கிக்காரருக்குத் தனி வணக்கம்.

வீடியோ கேம் சண்டையைச் செய்வதில் அடி, எண், நாயகன் ஏற்கும் வேடம் என்று மூன்று விஷயம் பேசுவதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள்.

முதலில் அடி. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். வீடியோ கேமில் அம்மி நகர்வது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடினால் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. எந்த அடிக்கும் மூன்று பகுதி: ஓங்குவது, படுவது, மீள்வது. லேசான குத்துக்கு 5, 3, 10 ஃபிரேம் என்று வைத்துத் தொடங்குங்கள். கோடாலிக்கு ஓங்கவே 25 கொடுங்கள். பட்ட கணத்தில் அடித்தவனையும் வாங்கியவனையும் 4 ஃபிரேம் அசையாமல் நிறுத்துங்கள், கோடாலிக்கு 8. இதை விட்டால் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அடியில் கனம் இருக்காது.

எதிரி ஓங்குவது நிதானமாக இருக்கட்டும். கண் பார்த்து விரல் அமுக்கவே கால் விநாடி, அதாவது 15 ஃபிரேம், போய்விடும். 12 ஃபிரேமில் அடிக்கும் எதிரி சவால் இல்லை, அநியாயம். 30 கொடுங்கள். மீள்வதற்குள் அமுக்கிய பட்டனையும் தள்ளிவிடாமல் 6 ஃபிரேம் நினைவில் வைத்திருங்கள். “அமுக்கினேன், அடிக்கல்லியே” என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கதை. 1991இல் ஜப்பானின் கேப்காம் கம்பெனி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கொண்டுவந்தது. நடுவில் ஒரு போனஸ் சுற்று: கார் ஒன்று நிற்கும், அதை அடித்து நொறுக்க வேண்டும். யார் கார், என்ன பகை, இன்ஷூரன்ஸ் உண்டா, ஒன்றும் கேட்கக் கூடாது! அந்தச் சுற்றைச் சோதித்துக்கொண்டிருந்த கேப்காம்காரர் நொரிடகா ஃபுனமிசு, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இன்னொரு அடி நுழைவதைக் கவனித்தார். யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல அது. நேரம் பிடிப்பது கஷ்டம், எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்று விட்டுவைத்தார்கள். பையன்கள் விடுவார்களா? காசு மேல் காசாகப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று இப்படி அடியோடு அடி தொடுக்கும் ‘காம்போ’ இல்லாத சண்டை கேமைக் காட்டுங்கள் பார்ப்போம். அடி மேல் அடி வைத்தார்கள், ஒரு தொழிலே நகர்ந்தது.

அடுத்து எண். ஓர் அடி எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு, அடிப்பவனின் தாக்குதல் எண்ணிலிருந்து வாங்குபவனின் காப்பு எண்ணைக் கழிக்கும் கணக்கில் 20க்கு 18 போனால் 2. காப்பு இன்னும் 2 கூடினால் சுழி. அங்கே எத்தனை அடி வைத்தாலும் அம்மி நகராது. தாக்குதலை 100ஆல் பெருக்கி, காப்போடு 100 கூட்டியதால் வகுங்கள். காப்பு 100 என்றால் பாதி அடி, 200 என்றால் மூன்றில் ஒரு பங்கு, ஒருபோதும் சுழியாகாது.

மூன்றாவது வேடம். அதற்குள் ஆசான்மாரிடம் ஒன்று கேட்டாக வேண்டும். நான் மேடையேறியதே அதற்குத்தான். நம் பிள்ளைகள் கேம் செய்யும்போது கடையில் கிடைக்கும் சாமுராய் அசைவுகளை வாங்கி ஒட்டுகிறார்கள். அடிமுறையின் காலடி வரிசையான ஒற்றைச்சுவடு இருக்கும் ஊரில் இது தேவையா? உடம்பின் வர்ம இடங்களை 12 படுவர்மம், 96 தொடுவர்மம், ஆக 108 என்று கணக்கு வைத்திருக்கும் கலை இது. அடிக்கக் கற்றவன், அடிபட்டவனை மீட்கும் இளக்குமுறையும் கற்க வேண்டும் என்பது இதன் சட்டம். விழுத்திய எதிரியை எழுப்புவதா, விட்டுப்போவதா என்று நாயகன் முடிவெடுக்க வேண்டியிருந்தால், வேடம் தானாக வந்துவிடும்.

ஆகவே சுவடுகளைப் படம்பிடிக்க அனுமதி தாருங்கள். வர்ம இடங்கள் வேண்டாம், அவை குருவழியிலேயே இருக்கட்டும். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு போன், இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டில், 60 ஃபிரேமில். தரையில் ஓரடி நீளத்துக்கு ஒன்றாகச் சுண்ணாம்புக் கோடு. தொடக்கத்தில் ஒரு கைதட்டு. இரண்டு படங்களையும் பொருத்த அதுதான் அடையாளம். சாயங்காலம் எடுத்தால் வெளிச்சம் போதாமல் கை இழுபட்டு மங்கும், ஃபிரேம் எண்ண முடியாது. அதனால் காலை வெயில்தான் சரி.

வேடத்தைப் பற்றி மீதி பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சம்மதமுள்ள ஆசான்மார் வாசலில் இருக்கும் நோட்டில் பெயரும், எந்தக் கிழமை காலை தோதுப்படும் என்பதும் எழுதிவிட்டுப் போங்கள்.