எதிரியின் கிடங்கை நம்பிப் போன சேனை: நியூ மெக்சிகோ, 1861–62

அவைத்தலைவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வர்ஜீனியா, பென்சில்வேனியா, டென்னசி ஆகிய மாநிலங்களின் களங்களைப் பற்றியே பேசுகிறார்கள். பெரும்படைகள் மோதிய இடங்கள் அவை என்பதால் அது இயல்புதான். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, அந்தக் களங்களுக்கு வெகு தொலைவில், ரியோ கிராண்டே ஆற்றின் மேல்பகுதிக் கரைகளில் மூவாயிரத்துச் சொச்சம் பேரைக் கொண்டு நடத்தப்பட்டு, ஓராண்டுக்குள் குலைந்துபோன ஒரு சிறு சேனையின் வரலாறு. அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பு அதற்கு வைத்த பெயர் ‘நியூ மெக்சிகோ சேனை’. அது ஒரு பெரும் சண்டையில் வென்றது; இன்னொன்றில் எதிரியைப் பின்வாங்க வைத்தது; இருந்தும் அழிந்தது. பாலைவனமே அதைக் கொன்றது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எதிரியின் கிடங்கில் உண்டு எதிரியையே விரட்டுவது என்ற அதன் திட்டம்தான் அதைக் கொன்றது என்பது என் கருத்து.

திட்டத்தை வகுத்தவர் ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி. லூசியானாவில் 1816-இல் பிறந்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1838-இல் தேறியவர். நடுவே ஒற்றைக் கம்பத்தில் கூம்பாக நிற்கும் ‘சிப்லி கூடாரம்’ அவருடைய ஆக்கம். அதற்கு 1856-இல் காப்புரிமையும் பெற்றார். (போர் மூண்ட பின் வடக்குப் படை அந்தக் கூடாரத்தை ஆயிரக்கணக்கில் அடித்துப் பயன்படுத்தியது. கூடாரத்துக்கு ஐந்து டாலர் என்று பேசியிருந்த உரிமைத்தொகை, எதிரணிக்குப் போய்விட்ட சிப்லியின் கைக்கு வரவே இல்லை.) 1861-ஆம் ஆண்டு மே மாதம் பதவி விலகும் வரை நியூ மெக்சிகோவிலேயே பணியாற்றியவர் என்பதால், எந்தக் கோட்டையில் எவ்வளவு பேர் இருக்கிறார்கள், மாவும் உப்புக்கண்டமும் தோட்டாவும் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அறிவோடு ரிச்மண்ட் நகருக்குச் சென்று, கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸைச் சந்தித்தார். கூட்டமைப்பின் கருவூலத்துக்குப் பெரிய செலவு வைக்காமல், போகிற நாட்டிலேயே உணவைத் தேடிக்கொண்டு, நியூ மெக்சிகோவைப் பிடித்துத் தருவதாக அவர் சொன்னது டேவிஸுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. கொலராடோவின் தங்கச் சுரங்கங்களும், அதற்கும் அப்பால் கலிபோர்னியாவின் துறைமுகங்களும் இந்தக் கனவுக்குள் இருந்தன என்று அவருடைய பீரங்கி அதிகாரி டிரெவானியன் டீல் பிற்காலத்தில் எழுதினார்.

சிப்லி வருவதற்கு முன்பே களம் ஓரளவு தயாராகியிருந்தது. ஜான் பேலர் என்ற டெக்சாஸ்காரர் சில நூறு பேருடன் 1861 ஜூலையில் மெசில்லா ஊரைப் பிடித்து, ஐசக் லிண்ட் என்ற வடக்குத் தளபதியின் படையைச் சண்டையின்றியே சரணடைய வைத்து, ஆகஸ்ட் முதல் நாள் ‘அரிசோனா ஆட்சிப்பகுதி’ என ஒன்றை அறிவித்துத் தாமே அதன் ஆளுநராகவும் ஆனார். சில நூறு பேரால் இவ்வளவு முடிந்தது என்றால் மூவாயிரம் பேரால் என்னதான் முடியாது என்ற மிதப்பு சிப்லிக்கு வந்ததற்கு இந்த எளிய வெற்றியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சான் அன்டோனியோவில் மூன்று குதிரைப் படைப்பிரிவுகள் திரட்டப்பட்டன. குதிரைகள் பெரும்பாலும் வீரர்களின் சொந்தக் குதிரைகள். துப்பாக்கிகளில் பலவும் வீட்டிலிருந்து கொண்டுவந்த வேட்டைத் துப்பாக்கிகள். இரண்டு அணிகளுக்கு ஈட்டிகள் கொடுக்கப்பட்டன. அக்டோபர், நவம்பர் மாதங்களில் புறப்பட்டு, எல் பாசோவை அடுத்த பிளிஸ் கோட்டை வரை ஏறத்தாழ 600 மைல் தூரத்தை, வழியிலுள்ள நீரூற்றுகள் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போதாது என்பதால், சிறு சிறு கூட்டங்களாகக் கடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலோ தீவனமும் இல்லை, போதிய உணவும் இல்லை. கூட்டமைப்பின் காகிதப் பணத்தை அங்குள்ள ஸ்பானிய மொழி பேசும் மக்கள் வாங்க மறுத்தார்கள். 1841-இல் டெக்சாஸ்காரர்கள் நியூ மெக்சிகோவின் தலைநகரான சான்டா ஃபே மீது படையெடுத்து வந்த கதையை அவர்கள் மறந்திருக்கவில்லை. ‘டெக்சாஸ்காரன்’ என்றாலே குழந்தைகளை அச்சுறுத்தும் பெயர் அது. எல்லைக்கு அப்பாலிருந்து உதவி கேட்டு, சிவாவா, சொனோரா ஆகிய மெக்சிகோ மாநில ஆளுநர்களிடம் சிப்லியின் அதிகாரி ஜேம்ஸ் ரெய்லி தூது அனுப்பப்பட்டார். மரியாதையான பதில்கள் கிடைத்தன, பெரிதாக வேறெதுவும் கிடைக்கவில்லை. ஆகவே 1862 பிப்ரவரியில் ஏறத்தாழ 2,500 பேர் ஆற்றோரமாக வடக்கே நகர்ந்தபோது, வெற்றி பெற்றால்தான் சோறு என்ற நிலை ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தது.

வழியில் முதலில் நின்றது கிரேக் கோட்டை. அங்கே வடக்குத் தளபதி எட்வர்ட் கேன்பி 3,800 பேர் அளவுக்குத் திரட்டி வைத்திருந்தார். அவர்களில் பெரும்பாலோர் புகழ்பெற்ற வழிகாட்டி கிட் கார்சனின் கீழிருந்தவர்களைப் போன்ற உள்ளூர்த் தொண்டர்களும் குடிப்படையினரும். மதில்மேல் மரத்துண்டுகளைப் பீரங்கி போல நிறுத்தி, தொலைவிலிருந்து பார்ப்போரை ஏமாற்றவும் செய்திருந்தார். கோட்டையைத் தாக்கும் துணிவு சிப்லிக்கு வரவில்லை. ஆற்றைக் கடந்து கிழக்குக் கரையின் எரிமலைப் பாறை மேடுகளைச் சுற்றிக்கொண்டு, சில மைல் வடக்கே, ஆற்றை இறங்கிக் கடக்கும் இடமான வால்வெர்டே துறையைப் பிடித்துவிட்டால் கேன்பியின் வழங்கல் பாதை அறுந்துபோகும் என்று கணக்கிட்டார். பிப்ரவரி 20-ஆம் நாள் இரவு அந்த மேட்டில் தண்ணீரே இல்லை. தாகம் தாங்காத நூற்றுக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகள் அவிழ்த்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடி, நேரே எதிரியின் கையில் போய்ச் சேர்ந்தன. இழுக்க விலங்கில்லாத வண்டிகளைச் சாமான்களோடு அங்கேயே விட வேண்டியதாயிற்று. சண்டை தொடங்கும் முன்பே அந்தச் சேனை தன் வண்டிகளில் ஒரு பகுதியை இழந்தது என்பதை, மறுநாள் வெற்றியைப் பாடுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

மறுநாள் வால்வெர்டேயில் நடந்தது கடும் சண்டைதான். வில்லிஸ் லாங் என்ற டெக்சாஸ் தலைவரின் ஈட்டி அணி, எதிரே நிற்பது பயிற்சி குறைந்த உள்ளூர்ப் படை என்று எண்ணிக் கொடி பறக்கப் பாய்ந்தது. நின்றதோ கொலராடோ தொண்டர்கள். அருகில் வரும் வரை பொறுத்திருந்து சுட்டார்கள். சில நிமிடங்களில் அந்த அணி ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. சிப்லி அன்று நோய் என்று சொல்லித் தலைமையைத் தம் அதிகாரி டாம் கிரீனிடம் கொடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பிவிட்டார். நோயா, குடியா என்பதில் வீரர்களுக்கு ஐயமே இல்லை. ‘நடமாடும் விஸ்கிப் பீப்பாய்’ என்றே அவரை அழைத்தார்கள். மாலையில் கிரீனின் ஆணைப்படி வேட்டைத் துப்பாக்கியும் கைத்துப்பாக்கியும் கத்தியுமாகப் பாய்ந்த டெக்சாஸ்காரர்கள், வடக்குப் பீரங்கி அதிகாரி அலெக்சாண்டர் மெக்ரேயின் ஆறு பீரங்கிகளையும் கைப்பற்றினார்கள். மெக்ரே பீரங்கிகளின் அருகிலேயே இறந்தார்; தென்மாநிலங்களில் ஒன்றான வட கரோலினாவில் பிறந்தும் வடக்கின் பக்கமே நின்றவர் அவர்.

களம் தெற்குக்குக் கிடைத்தது. கோட்டையும் அதன் கிடங்கும் கேன்பியிடமே இருந்தன. சரணடையச் சொன்னதற்கு அவர் மறுத்துவிட்டார். சிப்லியிடம் மிஞ்சியிருந்தது ஐந்து நாள் உணவு. பின்னால் எதிரியை விட்டுவிட்டு வடக்கே போவதைத் தவிர வழியில்லை என்று முடிவாயிற்று. குதிரைகள் குறைந்துபோனதால் நான்காம் எண் கொண்ட படைப்பிரிவினர் தங்கள் குதிரைகளை ஒப்படைத்துவிட்டுக் காலாட்படையாக நடந்தார்கள். டெக்சாஸில் குதிரை என்பது ஓர் ஆளின் கௌரவம் என்று அறிந்தோர்க்கு அந்த இழப்பின் அளவு புரியும்.

இதற்குப் பிறகு நடந்ததைக் கிடங்கு கிடங்காகவே பின்தொடரலாம். அல்புகர்க்கியில் இருந்த வடக்கின் வழங்கல் அதிகாரி ஹெர்பர்ட் ஈனோஸ், டெக்சாஸ்காரர்கள் வருவதற்குச் சற்று முன், மார்ச் முதல் நாள், எடுத்துச் செல்ல முடியாதவற்றைக் கொளுத்திவிட்டார். சான்டா ஃபேயிலும் பெரும்பகுதி முன்பே அகற்றப்பட்டுவிட்டது. தலைநகர் கிடைத்தது, வெறும் ஊராகக் கிடைத்தது. மிச்சமிருந்த பெருங்கிடங்கு யூனியன் கோட்டையில். அதைக் காக்க டென்வரிலிருந்து ஜான் ஸ்லாவ் என்ற வழக்கறிஞரின் கீழ் முதலாம் கொலராடோ படைப்பிரிவு, பனிக்காற்றில் ஏறத்தாழ 400 மைல் நடந்து வந்து சேர்ந்துவிட்டிருந்தது.

மார்ச் 26-ஆம் நாள் அப்பாச்சி பள்ளத்தாக்கில் முதல் மோதல். 28-ஆம் நாள் குளோரியெட்டா கணவாயில் தென்படையின் வில்லியம் ஸ்கரி ஸ்லாவின் படையை நாள் முழுதும் பின்னுக்குத் தள்ளி, மாலையில் களத்தைக் கைக்கொண்டார். அதே வேளையில் மெதடிஸ்ட் போதகராக இருந்து போர்வீரரான வடக்கு அதிகாரி ஜான் சிவிங்டன், நானூறு பேருக்கு மேல் அழைத்துக்கொண்டு, மனுவெல் சாவேஸ் என்ற உள்ளூர் அதிகாரி வழிகாட்ட, மேட்டுநிலத்தின் மேலாகச் சுற்றிச் சென்று, ஜான்சன் பண்ணைக்கு நேர் மேலே விளிம்பில் வந்து நின்றார். கீழே ஸ்கரியின் வண்டித்தொடர் முழுவதும், சிறு காவலோடு, ஏறத்தாழ 80 வண்டிகள். சற்று நேரம் பார்த்துவிட்டுச் செங்குத்தான சரிவில் இறங்கி, காவலைக் கலைத்து, உணவு, போர்வை, மருந்து, தோட்டா எல்லாவற்றையும் எரித்தார்கள். வண்டி விலங்குகளை நூற்றுக்கணக்கில் குத்திக் கொன்றார்கள் என்று சிலரும், விரட்டிவிட்டார்கள் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள், விளைவு ஒன்றே. இந்தச் சண்டையை ‘மேற்கின் கெட்டிஸ்பர்க்’ என்று அழைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் இறந்தோர், காயமுற்றோர், பிடிபட்டோர் எல்லாமாக இரு தரப்பும் இழந்தது ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு; இங்கே இறந்தவர்கள் இரு தரப்பிலும் சேர்த்து நூறு பேர் அளவுக்குத்தான். அளவைக்கூட விட்டுவிடலாம். அங்கே தோற்ற படை களத்தில் தோற்றது. இங்கே வென்ற படைக்கு அன்றிரவு உண்ண எதுவும் இல்லை.

பசியோடும் காயத்தோடும் சான்டா ஃபேக்குத் திரும்பியவர்களைக் கவனித்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் லூயிசா கேன்பி, எதிரித் தளபதியின் மனைவி. தம் வீட்டைக் காயமுற்ற டெக்சாஸ்காரர்களுக்குத் திறந்துவிட்டதோடு, வடக்குப் படை மறைத்து வைத்துப்போன போர்வைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். அந்தப் படை நியூ மெக்சிகோவில் கண்ட ஒரே திறந்த கிடங்கு அதுதான் எனலாம்.

ஏப்ரலில் பின்வாங்கல். அல்புகர்க்கியில் எட்டுச் சிறு பீரங்கிகளைப் புதைத்துவிட்டுக் கிளம்பினார்கள். டீல் இடத்தைக் காட்டி, அவை 1889-இல் தோண்டி எடுக்கப்பட்டன. ஏப்ரல் 15-ஆம் நாள் பெரால்டாவில் கேன்பி அவர்களை எட்டிப்பிடித்தும் முழுமூச்சாகத் தாக்கவில்லை; சிறைபிடித்தால் சோறு போட வேண்டும், அவரிடமும் அதற்கு இல்லை. கிரேக் கோட்டையைத் தவிர்ப்பதற்காக, ஏழு நாள் உணவோடு, மேற்கே சான் மாட்டியோ மலைகள் வழியாக ஏறத்தாழ நூறு மைல் சுற்றினார்கள். வண்டிகளைக் கைவிட்டார்கள்; நடக்க முடியாதவர்களையும் விட்டார்கள். மெக்ரேயின் ஆறு பீரங்கிகளை மட்டும் கயிறு கட்டி ஏற்றியும் இறக்கியும் விடாமல் இழுத்து வந்தார்கள். வெற்றிக்கு அடையாளம் என்று சொல்ல அவை மட்டுமே இருந்தன. அந்தப் பீரங்கிகள் பின்னர் லூசியானாவில் போரிட்டன.

மே 4-ஆம் நாள் பிளிஸ் கோட்டையிலிருந்து சிப்லி எழுதிய அறிக்கையில், புவியியல் அரசியல் முக்கியத்துவம் நீங்கலாகப் பார்த்தால், அந்த நாடு அதற்காகச் சிந்திய குருதிக்கும் பணத்துக்கும் கால்பங்குகூடப் பெறாது என்று சொல்லிவிட்டார். அதை வெல்லச் சொன்னவர் அவரேதான்.

கலிபோர்னியாவிலிருந்து வடக்குத் தளபதி ஜேம்ஸ் கார்ல்டன் 2,300 பேர் அளவில் அழைத்து வந்த படையின் பெரும்பகுதி கோடையில் ரியோ கிராண்டேயை அடையும் முன்பே எஞ்சிய தென்படையினர் டெக்சாஸுக்குப் போய்விட்டார்கள். கார்ல்டனுக்கு எதிரி இல்லாமற்போயிற்று. படை மட்டும் இருந்தது. அந்தப் படையையும் கிட் கார்சனையும் கொண்டு அவர் மெஸ்கலேரோ அப்பாச்சிகளையும் பிறகு நவாஹோ மக்களையும் வளைத்தார். நவாஹோக்களின் சோளக்காடுகளும் பீச் மரங்களும் அழிக்கப்பட்டன. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் 1864 முதல் போஸ்கே ரெடோண்டோ முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். அங்கே விளைச்சல் பொய்த்தது, ராணுவம் தருவதாகச் சொன்ன பங்கீட்டு உணவும் போதவில்லை. 1868-இல் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் தம் மண்ணுக்குத் திரும்பும் வரை அந்த நிலை நீடித்தது.