தேடி வருகிற ஆசிரியருக்கு எழுதுங்கள்

ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வலைப்பூ (blog) தொடங்கப் பத்து நிமிடம் போதும். பிளாக்கரோ வேர்ட்பிரஸ்ஸோ, இரண்டிலுமே இலவசமாகத் தொடங்கலாம். எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எந்த மின்னஞ்சலில் தொடங்குகிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பள்ளி கொடுத்த மின்னஞ்சலில் தொடங்கினால், வேறு பள்ளிக்கு மாறும்போது அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள், வலைப்பூவும் கைவிட்டுப் போகும். சொந்த மின்னஞ்சலில் தொடங்கி, உங்களுடைய இன்னொரு மின்னஞ்சலை இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள்.

சரி, என்ன எழுதுவது? ‘பின்னங்கள்: சில சிந்தனைகள்’ என்று யாரும் கூகுளில் தேடுவதில்லை. தன் வகுப்பில் அன்று கண்ட தவற்றைத்தான் ஓர் ஆசிரியர் தேடுகிறார். ‘1/2 + 1/3 = 2/5 என்று பிள்ளைகள் ஏன் போடுகிறார்கள்?’ என்பது தலைப்பு. தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டிவிடுகிறார்கள் என்று காரணத்தை இரண்டு வரியில் சொல்லுங்கள். பிறகு வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி: ‘2/5 பெரிதா, 1/2 பெரிதா?’ 2/5 என்பது பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் எப்படிக் குறையும் என்று பிள்ளைகளே விழிப்பார்கள். வட்டம் வரைந்து காட்டினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது, ஒரே நீளக் காகிதப் பட்டைகளை மடித்துக் காட்டினால் பிடிபடும். எது எடுபடவில்லை என்பதையும் இப்படி எழுதினால்தான் அது ஆசிரியர் எழுதிய பதிவு. பாடநூலில் இருப்பதைத் திருப்பி எழுத ஆசிரியர் எதற்கு?

மாணவர் நோட்டைப் படமெடுத்துப் போடாதீர்கள். பெயரை மறைத்தாலும் கையெழுத்து காட்டிக்கொடுக்கும். கைபேசிப் படத்தில் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். அந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிப் படமெடுங்கள்.

தமிழில் எழுதுவோருக்கு வருகிற தொல்லைகள் இரண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வினாத்தாளை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். எல்லாக் கருவியிலும் தெரிகிற யூனிகோடு முறைக்கு மாற்றி ஒட்டுங்கள். இன்னொன்று, பதிவின் முகவரி. பிளாக்கர் தமிழ்த் தலைப்பை முகவரியில் எடுத்துக்கொள்ளாமல் ‘blog-post’ என்று ஒரு பொதுப் பெயரைப் போட்டுவிடும். வேர்ட்பிரஸ் எடுத்துக்கொள்ளும். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரிந்து, முகவரி அரைப்பக்கத்துக்கு நீளலாம். வெளியிடுவதற்கு முன்பே, முகவரியைக் குறிக்கும் நிரந்தர இணைப்பு (permalink) என்ற இடத்தில் மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால் பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகலாம்.

பதிவுகளை வகைப்படுத்தப் போடும் குறிச்சொல்லில் (label, tag) ஒரே சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று ‘கணிதம்’, நாளை ‘கணக்கு’ என்றால் பதிவுகள் இரண்டு பட்டியலாகப் பிரியும். பருவத்துக்கு ஒருமுறை காப்புப்பிரதி இறக்கிவைப்பதும் நல்லது.

மற்றவர் வலைப்பூக்களைத் தொடர முகநூலை நம்பாதீர்கள். அங்கே எதைக் காட்டுவது என்பதை முகநூல்தான் முடிவு செய்கிறது. ஃபீட்லி போன்ற ஓடை வாசிப்பானில் (feed reader, பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் செயலி) வலைப்பூ முகவரியை ஒட்டினால் புதிய பதிவுகள் தேதி வரிசையில் வந்து நிற்கும். வாசிப்பான்களும் மூடப்படுவதுண்டு, கூகுள் ரீடரை 2013இல் மூடினார்கள். அதனால் நீங்கள் தொடரும் பட்டியலை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்துக்கு மேல் சேர்த்தால் திறக்கவே மனம் வராது. ஒரு பருவம் முழுக்க உங்கள் வகுப்புக்கு உதவாததைத் தயங்காமல் நீக்குங்கள். உதவியதற்குப் பின்னூட்டம் இடுங்கள். ‘அருமை’ என்று மட்டும் போடாமல், எந்த வகுப்பில் செய்தீர்கள், எத்தனை நிமிடம் பிடித்தது, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று எழுதுங்கள்.