எதிரியின் ஊரில் ஓட்டுக் கேட்டவர்

எல்லோருக்கும் வணக்கம். நான் உள்ளே நுழையும்போதே ஒரு பெரியவர் மடக்கிக் கேட்டார்: “அமெரிக்கக்காரன் ஃபுட்பால்ங்கிறான், ஆனா பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறானே, காலுக்கு அங்க என்ன வேலை?” நியாயமான கேள்விதான். கடைசியில் சொல்கிறேன் ஐயா, போய்விடாதீர்கள்.

விதிகளைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நூறு வருடம் தாண்டிய ஒரு பகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு பக்கம் சிகாகோ பியர்ஸ், மறுபக்கம் கிரீன் பே பேக்கர்ஸ். சிகாகோவில் சுமார் 27 லட்சம் பேர் வசிக்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் கிரீன் பேயில் இன்றைக்கும் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். இரண்டுமே என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கின் அணிகள். அந்த லீக்கில் வேறு எந்த இரண்டு அணிகளும் இவர்கள் அளவுக்கு மோதிக்கொண்டதில்லை. இருநூறு ஆட்டங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

பிறந்த கதை இரண்டு அணிக்கும் ஒன்றுதான். 1919இல் கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த, இறைச்சியை டப்பாவில் அடைக்கும் ‘பேக்கிங்’ கம்பெனியிடம் 500 டாலர் வாங்கித் தன் அணிக்குச் சட்டை தைத்தார். பேக்கர்ஸ் என்ற பெயர் அதனால் வந்ததுதான். அடுத்த வருடம் டெக்கேட்டர் ஊரில் ஸ்டேலி என்ற ஸ்டார்ச் மாவுக் கம்பெனி, ஜார்ஜ் ஹாலஸ் என்பவரிடம் தன் அணியை ஒப்படைத்தது. ஒரே வருடத்தில் கம்பெனிக்குக் கட்டுப்படியாகவில்லை. முதலாளி 5,000 டாலரைக் கையில் கொடுத்து, சிகாகோவுக்குக் கொண்டு போ, ஒரு வருடம் மட்டும் எங்கள் பெயரை வைத்துக்கொள் என்று அனுப்பிவிட்டார். 1922இல் அது பியர்ஸ் ஆனது.

முதல் மோதல் 1921 நவம்பர் 27. சிகாகோ 20-0 என ஜெயித்தது. அன்றைக்கே ஒரு சிகாகோ ஆட்டக்காரர் விட்ட குத்தில் கிரீன் பேக்காரர் ஒருவரின் மூக்கு உடைந்தது. நல்ல ஆரம்பம்! அந்தப் பருவத்தின் முடிவில் லாம்போ, கல்லூரி மாணவர்களைப் பொய்ப் பெயரில் இறக்கி மாட்டிக்கொண்டார். அணியை லீக்கை விட்டே நீக்கினார்கள். போட்டுக்கொடுத்தது ஹாலஸ்தான் என்று கிரீன் பேயில் பேச்சு உண்டு. மறு வருடமே லாம்போ கட்டணம் கட்டி அணியை மீட்டுவிட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1932இல், பொருளாதார மந்தம் கழுத்தை நெரித்த நேரம். பேக்கர்ஸுக்குச் சேர வேண்டிய ஆட்டப் பணத்தை முழுசாகக் கொடுக்க ஹாலஸால் முடியவில்லை. 1,500 டாலருக்குக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிரீன் பே அதை வாங்கிக்கொண்டு பொறுத்தது.

அப்புறம் 1956. கிரீன் பேயின் மைதானம் ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி இருந்தது. மரப் பலகை இருக்கைகள், சொற்ப வசூல். புது மைதானம் கட்டாவிட்டால் அணி அந்த ஊரில் தங்காது என்ற நிலை. கட்டுவதற்கு நகராட்சி கடன் பத்திரம் வெளியிட வேண்டும், அதற்கு மக்கள் ஓட்டுப் போட வேண்டும். ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன்பு நடந்த கூட்டத்தில் மேடையேறியவர் யார் தெரியுமா? சாட்சாத் ஹாலஸ். முப்பத்தைந்து வருடமாக அந்த ஊர் திட்டித் தீர்த்த ஆள், அந்த ஊரிலேயே நின்று மைதானம் கட்டுங்கள் என்று கேட்டார். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கையும் தாண்டி ஆதரவு விழுந்தது. பாசத்தில் கேட்டார் என்று நான் நம்பவில்லை. கிரீன் பே போய்விட்டால் சிகாகோவில் டிக்கெட் விற்பது யாரைக் காட்டி?

1957 செப்டம்பர் 29, அந்த மைதானத்தின் முதல் ஆட்டம். எதிரணி பியர்ஸ். பேக்கர்ஸ் 21-17 என ஜெயித்தது! 1965இல் லாம்போ இறந்த பிறகு அந்த இடம் லாம்போ ஃபீல்டு ஆனது. 1961இல் டிவி பணத்தை எல்லா அணிகளும் சரிசமமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டையும் பெரிய ஊர்க்காரரான ஹாலஸ் ஆதரித்தார். அதுவும் இல்லையென்றால் கிரீன் பே இன்றைக்கு இல்லை.

அதற்காக மைதானத்தில் சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள். 1986இல் பேக்கர்ஸின் சார்லஸ் மார்ட்டின், பியர்ஸ் ஆட்டக்காரர்களின் சட்டை எண்களை ஒரு துண்டில் எழுதி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். அந்த எண்களில் ஒன்று குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர், ஜிம் மக்மேனுடையது. பந்தை வீசி முடித்து நின்ற மனுஷனைத் தூக்கித் தரையில் அடித்தார். இரண்டு ஆட்டம் தடை. என்னைக் கேட்டால் அது போதாது.

சரி ஐயா, உங்கள் கேள்வி. காலால் உதைப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு, கிக்கர் என்பார்கள். 1980 செப்டம்பர் 7, லாம்போ ஃபீல்டு. இரண்டு பக்கமும் 6-6, கூடுதல் நேரம். பேக்கர்ஸ் கிக்கர் செஸ்டர் மார்கால், போலந்தில் பிறந்தவர், தடிமனான கண்ணாடி போட்டவர். கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பிப் புள்ளி எடுக்க உதைத்தார். பியர்ஸின் ஆலன் பேஜ் பாய்ந்து மறித்தார். இந்தப் பேஜ்தான் பின்னாளில் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். அவர் மேல் பட்ட பந்து எகிறி நேராக மார்காலின் கைக்கே திரும்பி வந்தது. ஒரு கணம் விழித்தார். பிறகு பந்தை அணைத்துக்கொண்டு இடது ஓரமாக 25 கஜம் ஓடினார், யாரும் தொடவில்லை. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார். அதற்கு டச்டவுன் என்று பெயர், ஆறு புள்ளி. 12-6.

ஆக, காலால் உதைக்க வைத்திருந்த ஆளும் அன்றைக்குக் கையில் பிடித்துக்கொண்டு ஓடித்தான் ஜெயித்தார், ஐயா.