மூச்சில் பிறந்த கோப்பை

அவையோருக்கு வணக்கம்.

ரோமானியர் காலத்தில், மூச்சால் ஊதி மலிவாக்கிய கண்ணாடியைக் கைவேலையால் மறுபடி எட்டாத விலைக்கு ஏற்றிய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கண்ணாடியை ஊதும் முறை வருவதற்கு முன்னால் ஒரு வாசனைத் தைலக் குப்பி செய்வதே பெரும்பாடு. கம்பி நுனியில் களிமண் பிடித்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறியபின் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் இது மாறுகிறது. எருசலேம் பழைய நகரில் கிடைத்த பட்டறைக் கழிவில், ஒரு முனையைச் சூடாக்கி மூடி, மறுமுனையில் வாய் வைத்து ஊதிய கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. இரும்புக் குழல் பிறகுதான் வந்தது. வந்தபின் நிலைமை தலைகீழ். ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் கிடைக்கிறது என்று அக்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

மலிந்த சரக்கில் பேர் வாங்குவது எப்படி? என்னியோன் என்ற கைவினைஞர் அச்சுக்குள் ஊதினார். கொடியும் பூவும் அச்சிலிருந்து அப்படியே பாத்திரத்தில் பதிந்துவிடும். கூடவே ‘என்னியோன் செய்தது’ என்று கிரேக்கத்தில் ஒரு வரி. சிலவற்றில் ‘வாங்குபவர் நினைவுகூரப்படட்டும்’ என்றும் உண்டு. வாடிக்கையாளரைக் குளிர்விக்கத் தெரிந்த மனுஷர்!

பணக்காரர்களுக்கு இது போதவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் போர்ட்லண்ட் ஜாடியில், கருநீலக் கண்ணாடிமேல் வெள்ளைக் கண்ணாடி போர்த்தி, ஆறியபின் வெள்ளையைச் செதுக்கி உருவங்களை எடுத்திருக்கிறார்கள். ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் ஜாடி விரிசல் விடும்.

அதைவிட நெஞ்சுரம் வேண்டிய வேலை கூண்டுக் கோப்பை. கெட்டிச் சுவருள்ள கோப்பையை வெளியிலிருந்து குடைந்துகொண்டே போவார்கள். கடைசியில் உள்ளே மெல்லிய கோப்பை, சுற்றிலும் வலைப்பின்னல். இரண்டையும் பிடித்து நிற்பவை சில சின்னக் கண்ணாடிக் கால்கள். உடையாமல் இருக்குமா? சட்ட அறிஞர் உல்பியன் இதற்கென்றே எழுதியிருக்கிறார்: வேலை தெரியாமல் உடைத்தால் கைவினைஞர் பொறுப்பு; கோப்பையிலேயே விரிசல் இருந்திருந்தால் இல்லை. அதனால் ‘உடைந்தால் என் பொறுப்பில்லை’ என்று முன்பே பேசிக்கொண்டுதான் பெரும்பாலும் வேலையை ஏற்பார்களாம். செல்போன் பழுதுபார்க்கும் கடையில் நாம் கேட்கும் அதே வசனம்.

இந்த வகையில் கி.பி. 4ஆம் நூற்றாண்டு லைகர்கஸ் கோப்பை தனி ரகம். வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்துள்ள மிக நுண்ணிய தங்க, வெள்ளித் துகள்கள் செய்யும் வேலை அது. கலவை தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் செதுக்கியவருக்கு அதன் குணம் தெரிந்திருக்கிறது. உருவங்கள் புடைத்து நிற்கும் இடத்தில் கண்ணாடி தடித்து, ஒளி மங்கும் அல்லவா? அந்த உருவங்களுக்கு நேர் பின்னால், கோப்பையின் உள்பக்கத்தையும் குடைந்து தடிமனைச் சமப்படுத்தியிருக்கிறார்.