சென்னை வெயிலுக்கும் வியர்வைக்கும் ஏற்ற சருமப் பராமரிப்பு

(திரையில்: குளியலறை அலமாரியில் நெருக்கமாக நிற்கும் குப்பிகள், ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, இறுதியில் மூன்று மட்டும் எஞ்சுகின்றன.)

வணக்கம். சருமப் பராமரிப்பு என்றாலே பத்துக் குப்பிகளை வரிசையாகப் பூச வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி வியர்த்துக்கொண்டே வாழும் சென்னைவாசிகளுக்கு அந்த அடுக்கு அவசியமில்லை. அளவாகக் கழுவுதல், ஈரப்பதம் காத்தல், வெயிலைத் தடுத்தல் ஆகிய மூன்றும் நாள் தவறாமல் நடந்தால், மற்றவை தேவைப்படுவோருக்கு மட்டும் போதும்.

முதலில் உங்கள் சருமத்தின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள். மென்மையான ஃபேஸ் வாஷால் முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். முகம் முழுவதும் பிசுபிசுத்தால் எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட சருமம். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் இரண்டும் கலந்தது. மே மாத நண்பகலில் இந்தச் சோதனையைச் செய்தால் வியர்வையை எண்ணெய் என்று தவறாக எண்ணிவிடுவோம் என்பதால், வியர்க்காத காலை நேரத்தில் செய்வது நல்லது. மேலும், மாநிறச் சருமத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. எரிச்சலையும் அரிப்பையும் கொண்டே ஒவ்வாமையை உணர வேண்டியிருக்கும்.

(திரையில்: போர் தண்ணீர் காய்ந்து வெண்படலம் படிந்த குழாயும் வாளியும்.)

நம் ஊரில் முகம் கழுவுவதைப் பற்றிப் பேசும்போது தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். பல வீடுகளில் வரும் போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சாதாரண சோப்புடன் சேரும்போது கரையாத படிவாக மாறி, எத்தனை முறை கழுவினாலும் சருமத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, சருமத்தின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 5. சோப்போ 9 அல்லது 10 வரை செல்லும் காரத்தன்மை உடையது. வியர்க்கிறதே என்று ஒரு நாளில் நான்கைந்து முறை சோப்புப் போட்டால், ஈரத்தை உள்ளே காக்கும் மேலடுக்கு நலிந்து, எண்ணெய்ச் சருமத்திலும் எரிச்சல் தொடங்கிவிடும். எனவே, காலையிலும் இரவிலும் சோப்பு கலக்காத மென்மையான ஃபேஸ் வாஷைப் பயன்படுத்துங்கள். இடையில் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும்.

கழுவிய முகம் சற்று ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூசுங்கள். எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல் வகையும், வறண்ட சருமத்துக்கும் ஏசி அறையில் நாள் முழுவதும் வேலை செய்பவர்களுக்கும் கிளிசரின், செராமைடு (சருமத்தின் ஈரத்தைக் காக்கும் ஒருவகைக் கொழுப்பு) உள்ள கிரீமும் பொருந்தும். முகப்பரு வரும் இயல்புடையவர்கள் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து நெற்றியில் சிறு பருக்களை உண்டாக்குவதும் இங்கே அடிக்கடி காணப்படுவதே.

(திரையில்: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் சன்ஸ்கிரீன் வைத்துக் காட்டும் கை.)

மூன்றில் நாம் அதிகம் தவறவிடுவது சன்ஸ்கிரீனைத்தான். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. எஸ்.பி.எஃப். (வெயில் பாதுகாப்பின் அளவு) 30 என்று குறிப்பிட்ட சன்ஸ்கிரீன், சருமத்தைச் சுட்டெரிக்கும் புற ஊதா பி கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கும். ஆனால், அது போதிய அளவு பூசினால் மட்டுமே கிடைக்கும் பலன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும். பட்டாணியளவு எடுத்துத் தேய்ப்பவர்களுக்குக் குப்பியில் எழுதிய பாதுகாப்பில் சிறு பங்கே கிடைக்கும். ஓ.எம்.ஆரில் இருசக்கர வாகனத்தில் செல்பவர்களும், வெயிலில் நின்று விற்பனை செய்பவர்களும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும். வியர்வையைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் சன்ஸ்கிரீனும் உடன் போய்விடும், ஆகவே ஒற்றி எடுங்கள். காரின் பக்கக் கண்ணாடியைப் புற ஊதா ஏ கதிர்கள் கடந்து வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை மோசமாக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமூட்டிய சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும்.

பருக்களுக்குச் சாலிசிலிக் அமிலம், கரும்புள்ளிகளுக்கு நியாசினமைடு போன்றவற்றைச் சேர்க்க விரும்பினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள். முதலில் முழங்கை மடிப்பில் சில நாட்கள் தடவிப் பார்த்து, முகத்தில் பூசத் தொடங்கிய பின் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்களாவது பொறுத்திருங்கள். வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினால் வகைகளைக் கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்க்க வேண்டாம்; அதன் கடும் அமிலத்தன்மை எரிச்சலைத் தருவதோடு, வெயில் பட்டால் கருந்திட்டுகளும் உண்டாகலாம்.

(திரையில்: மருந்துக் குழலின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியல், பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.)

இந்த வீடியோவில் வேறெதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள். நிறம் கூட வேண்டும் என்று யாரோ சொன்ன பேச்சை நம்பி, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் கிரீம்கள் சிலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள், அதாவது தோல் அழற்சியைத் தணிக்கும் வீரிய மருந்துகள், இருக்கின்றன. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சிடும். அதன் பிறகு சருமம் மெலிந்து, நுண்ணிய ரத்த நாளங்கள் தெரிந்து, பருக்களும் தேவையற்ற ரோமமும் வந்து, பூசுவதை நிறுத்தினால் தாங்க முடியாத எரிச்சலாக மாறும். 2018-இல் இத்தகைய பூச்சு மருந்துகள் மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்கப்பட வேண்டிய ஹெச் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. நம் மாநிறத்தில் திருத்த வேண்டிய குறை எதுவும் இல்லை. சருமம் நலமாக இருக்க வேண்டும் என்பதே இங்கு நோக்கம்.

ஏற்கெனவே இவற்றைப் பல மாதங்களாகப் பூசி வருபவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல் ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், ஸ்டான்லி மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. செல்லும்போது நீங்கள் பூசிய கிரீமின் குழலையும் அட்டைப் பெட்டியையும் மறவாமல் கையோடு கொண்டு செல்லுங்கள். அதில் எழுதியுள்ள சேர்மானத்தைப் பார்த்தே மருத்துவர் அடுத்த படியை முடிவு செய்வார்.